மோதினாரின் தொண்டையும் முறை வீட்டுச் சாப்பாடும்

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு பாதியில் நின்றுபோனது. பாங்கு சொல்லும் மோதினாரின் குரல் மேலே ஏறவேண்டிய இடத்தில் உடைந்தது. ஒலிபெருக்கியில் இருமல் கேட்டது, பிறகு மைக்கை அணைத்த சத்தம். சற்று நேரம் கழித்து வேறு யாரோ முதலிலிருந்து சொல்லி முடித்தார்கள். காலை பத்து மணிக்கு மோதினார் என் க்ளினிக் வாசலில் வந்து நின்றார்.

உச்சிப்புளிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில், வீட்டின் முன் அறையில் அக்குபங்சர் பார்க்கிறேன். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் போய்ப் படித்தேன். புதுமடத்துக்காரர்கள் வலை இழுத்த தோள்வலியோடு வருவார்கள், வாலிநோக்கம் உப்பளத்துப் பெண்கள் முழங்கால் வலியோடு வருவார்கள். இப்போது ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இதில் என் பெயர் கொஞ்சம் கெடும், பரவாயில்லை.

மோதினார் தன் ஃபைலை நீட்டினார். இராமநாதபுரத்தில் ஸ்கோப் போட்டுப் பார்த்திருந்தார்கள். வயிற்று அமிலம் மேலே ஏறி வந்து குரல்வளையைப் புண்ணாக்குகிறது, அசிட் ரிஃப்ளக்ஸ். இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார்.

"நெஞ்சுக்குள்ள மொளகாயை அரைச்சு வச்ச மாதிரி இருக்கு தங்கச்சி. நோன்புக்குள்ள தொண்டை சரியாகலைன்னா வேற ஆள் பாக்குறோம்னு பள்ளிவாசல் கமிட்டில சொல்லிட்டாக."

ரமலான் நோன்புக்கு இரண்டரை மாதம் இருந்தது. அவருக்குப் பாங்கு சொல்வதைத் தவிர வேறு வேலை தெரியாது. பள்ளிவாசலை ஒட்டிய அந்த ஒற்றை அறையை விட்டால் வேறு இடமும் கிடையாது.

"நாக்கை நீட்டுங்க காக்கா" என்றேன். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.

குழந்தை நாக்கு போலச் சுத்தமாக இருந்தது. வைத்தியரிடம் போகிறோமே என்று நன்றாக வழித்துவிட்டு வந்திருந்தார். சீன வைத்தியத்தில் நாக்கின் மேல் படிந்திருப்பதுதான் வயிற்றின் கதையைச் சொல்லும். அடுத்த முறை வழிக்காமல் வரச் சொன்னேன். வெட்கத்தோடு வந்தார். நாக்கின் மேல் மஞ்சள் படிந்த தடித்த மாவு. உண்டது செரிக்காமல் தங்குகிறது என்று அர்த்தம். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்துப் பார்த்தபோது நாடியும் அதையேதான் சொன்னது.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எளிமையானது. வயிற்றின் சக்தி கீழே இறங்க வேண்டும். அது மேலே திரும்பினால் ஏப்பம், எதுக்களிப்பு, எரிச்சல். அதை இறக்குவதற்கு முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி ஸ்டமக் 36, மணிக்கட்டுக்கு உள்பக்கம் பெரிகார்டியம் 6, தொப்புளுக்கு மேலே ரென் 12 என்ற புள்ளிகள். வாரம் இரண்டு சிட்டிங் கொடுத்தேன். மாத்திரையை நிறுத்தக்கூடாது, எண்ணெயும் காரமும் கூடாது, பொழுது சாயும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், சாப்பிட்டவுடன் படுக்கக்கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் "சரி தங்கச்சி" என்றார்.

ஒரு மாதம் போனது. நான்கு நாள் நன்றாக இருப்பார், ஐந்தாம் நாள் பழையபடி ஆகிவிடுவார். புள்ளியை மாற்றினேன், ஊசியின் ஆழத்தை மாற்றினேன், என் ஆசிரியருக்குப் போன் போட்டு அவர் உயிரை வாங்கினேன்.

பிறகு ஒரு புதன்கிழமை வந்தார். குரலே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. நாக்கில் மாவு தோசை மாதிரி அப்பியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் ஊருக்கே தெரிந்த ஒன்று.

"நேத்து ராவு என்ன சாப்பிட்டீக?"

தரையைப் பார்த்தார். "நல்ல சாப்பாடுதான்."

"என்னன்னு கேட்டேன்."

"நெய்ச்சோறு. கறி ஆணம். வட்டிலப்பம்." ஆணம் எங்கள் ஊரில் குழம்பு, வட்டிலப்பம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த இனிப்பு.

"இவ்வளவு சொல்லியும் எந்த வீட்டுல போய் இதையெல்லாம் சாப்பிட்டீக?"

"உங்க வீட்டுச் சோறுதான் தங்கச்சி" என்றார்.

எங்கள் ஊரில் மோதினாருக்கு இரவுச் சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போகும். மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டு முறை. சமைப்பது மாமியார், தூக்குச் சட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வீட்டுக்காரர். 'பாவம், உடம்பு சரியில்லாத மனுஷன்' என்று அன்றைக்கு மாமியார் நெய்யைக் கொஞ்சம் கூடவே ஊற்றியிருந்தார். அதே நெய்ச்சோற்றை நானும் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டேன். காலையில் காலித் தூக்கைக் கழுவியதும் நான்தான். ஒரு பருக்கை மிச்சமில்லை என்று சந்தோஷம் வேறு பட்டேன். வீட்டில் இருக்கும் மருமகளும் க்ளினிக்கில் இருக்கும் வைத்தியச்சியும் ஒரு நாளாவது கலந்து பேசியிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல காக்கா. பாதியை மிச்சம் வைக்கலாம்ல."

"மிச்சம் வச்சுக் குடுத்தா அந்த வீட்டுப் பொம்பளை மனசு என்ன பாடுபடும்? நான் இந்த ஊருக்கு வாரப்ப என் மகளுக்கு மூணு வயசு. தாயில்லாப் புள்ளை. இந்தத் தூக்குச் சோத்துலதான் அது வளந்துச்சு, இந்த வீடுகதான் கமுதியில கட்டியும் குடுத்துச்சு. அவுகள்ட்ட போயி நெய்யைக் குறைங்க, காரத்தைக் குறைங்கன்னு நான் சொல்றதா? பாங்கு போனாலும் போகட்டும் தங்கச்சி. நீங்களும் யார்ட்டயும் சொல்லிராதீக."

இரவுத் தொழுகை முடிந்து சாப்பாடு வரும், முழுக்கச் சாப்பிடுவார், விடியலுக்கு முன் எழ வேண்டுமே என்று உடனே படுத்துவிடுவார். இருபது வருடம் இதுதான் நடந்திருக்கிறது. நானோ முழங்காலில் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நோயாளி சொல்லாதே என்றால் சொல்லக்கூடாது. ஆனால் அவரையே சொல்லச் சொல்லலாம். "ஊருக்கெல்லாம் வேணாம். எங்க மாமிகிட்ட மட்டும் நீங்களே சொல்லுங்க. அவுக வருத்தப்பட்டா அந்தப் பாவம் என்னோட" என்றேன். ஒரு வாரம் சாக்குச் சொன்னார். விடாமல் நச்சரித்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பெரியம்மா," என்றார், அந்தக் காற்றுக் குரலில். "இனிமே எனக்குக் கஞ்சி போதும்."

மாமியார் காரணம் கேட்டார். அவர் சொன்னார். மாமியார் உள்ளே போய்விட்டார். மோதினார் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கொலைக்குற்றம் செய்துவிட்டதுபோல இருந்தது. பிறகு மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இத்தனை வருஷமா இதைச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? நாங்க ஆக்கிப் போட்டே உங்க பாங்கைக் கெடுத்திருக்கோம். அதைத் தெரியாமயே நாங்க கண்ணை மூடி மௌத்தாயிருந்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மத்த வீடுகள்ல நான் சொல்லவா, வேணாமா? நீங்க சொன்னாத்தான் போவேன்."

தலையை நிமிர்த்தி, "சொல்லுங்க" என்றார்.

அடுத்த நாளிலிருந்து பொழுது சாயும் முன்பே தூக்கு போனது. கஞ்சி, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், காரமில்லாத மீன் ஆணம். ஒரு வீட்டில் மட்டும் கோபப்பட்டார்கள். அடுத்த மாத முறைக்குள் அவர்களும் தணிந்தார்கள். ஊசியை நான் விடவில்லை, மாத்திரையை அவர் விடவில்லை. நாக்கில் மாவு மெலிந்துகொண்டே வந்தது. குரல் திரும்புமா என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. கமிட்டி முதல் நோன்பு வரை பார்க்கலாம் என்றது.

முதல் நோன்பன்று மாலை, நோன்பு திறக்கும் நேரம். பாங்கு கேட்டதும் வாயில் போட ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாங்கு தொடங்கியது. பழைய உயரம் இல்லை. இரண்டு இடத்தில் கூடுதலாக மூச்சு வாங்கினார். அந்த மேலே ஏறும் இடம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். குரல் ஏறியது, உடையாமல் இறங்கியது. மாமியார் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர், பாங்கு முடியும் வரை பழத்தை வாயில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று மறுநாள் தெரிந்தது. மோதினார் இன்றும் எங்கள் ஊர் மோதினார்தான்.

பிள்ளைகளே, புள்ளிகளை ஒரு வருடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். நாக்கும் நாடியும் பழகப் பழக வரும். வயிற்று நோயோடு ஒருவர் வந்தால் அவருக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். போதும் என்று அவர்களிடம் இவரால் சொல்ல முடியுமா என்பதையும் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் அடுப்படியையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.