ரொம்பச் சுத்தமாகக் கழுவிய பல்

எங்கள் மாடிக் குடியிருப்பில் அவளை ஸ்பிரிட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனையில், அறுவை சிகிச்சை முடிந்து வரும் கத்தி கத்தரிக்கோல்களைத் தேய்த்துக் கழுவும் அறையில் அவளுக்கு வேலை. கத்தரிக்கோல் மூட்டில் ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் அதே கைதான். யாராவது வந்துவிட்டுப் போனால் உடனே ஸ்பிரிட்டால் கதவுப் பிடியைத் துடைப்பாள். “வந்தவங்க வெளிய போறவரைக்கும் பொறுத்துக்கிறாளே, அதுவே பெரிசு” என்பாள் தங்கச்சி.

கூட இருந்தது அந்தத் தங்கச்சி ஒருத்திதான். மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனைக்கு நின்றாள். அவள் வேலை முடிந்து வரும்போது சிரிப்பு முதலில் படியேறி வரும். பின்னாலேதான் ஆள் வருவாள். வாய் நிறையச் சிரிக்கிற ஜாதி. அக்காவுக்கு அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை. வெளியே காட்டிக்கொள்ளாமல், “மெதுவாச் சிரிடி, கீழ்வீட்டுல தூங்குறாங்க” என்று அதட்டுவாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் துவைத்த துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறிய தங்கச்சி கால் இடறி, இரும்புக் கைப்பிடியில் வாய் மோத விழுந்தாள். முன்பல் ஒன்று வேரோடு கழன்று எங்கோ தெறித்துவிட்டது. சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். ஐஸ் வை என்றார் ஒருவர், பஞ்சு வை என்றார் இன்னொருவர். போன பல் போனதுதான், புதுசு கட்டிக்கலாம் என்றார் மேல்வீட்டு டாக்சிக்காரர். பல்லைத் தேடவேண்டும் என்று தோன்றியது அக்கா ஒருத்திக்குத்தான். மண்டியிட்டு ஒவ்வொரு படியாகத் தடவி, வாளிக்குப் பின்னால் அழுக்கு ஒட்டிக் கிடந்ததை எடுத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். நேரே சமையலறைத் தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். வேரில் மெல்லிய சவ்வு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அதையும் நகத்தால் சுரண்டினாள். பிறகு ஸ்பிரிட்டில் முக்கி, சுத்தத் துணியில் ஈரம் போகத் துடைத்து, ஒரு டப்பாவில் வைத்தாள். வாயில் துண்டை அழுத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த தங்கச்சி, போகலாம் என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

“இருடி, அழுக்கோட கொண்டுபோய் நீட்டினா டாக்டர் என்ன நினைப்பாங்க?”

டாக்சிக்காரர்தான் கொண்டுபோய்விட்டார். பல் டாக்டர் இளம் வயதுப் பெண். டப்பாவைத் திறந்து, பல்லை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு சுத்தமா யாரு கழுவினது?”

“நான்தான், டாக்டர்” என்றாள் அக்கா. பாராட்டு என்று நினைத்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

டாக்டர் பல்லைக் கீழே வைத்தார். பிறகு கோபப்படாமலே சொன்னார். வேரின் மேல் இருக்கும் அந்தச் சவ்வுக்கு உயிர் உண்டு. பல்லை எலும்போடு மறுபடி சேர்ப்பது அதுதான். வேரைத் தொடாமல் தலைப்பக்கமாகப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலில் லேசாக அலசி, அங்கேயே குழியில் திரும்பப் பொருத்தித் துணியைக் கடித்துக்கொண்டு ஓடிவர வேண்டும். குழந்தைகளின் பால் பல்லை மட்டும் அப்படித் திரும்ப வைக்கக் கூடாது. பெரியவர்கள் பல்லைப் பொருத்தப் பயமாக இருந்தால் அதைப் பாலிலேயே போட்டுக் கொண்டுவரலாம். தேய்க்கக் கூடாது, காயவிடக் கூடாது.

“பக்கத்துப் பல்லோட சேர்த்து வச்சுக் கட்டிவிடறேன். ஆனா ரொம்ப நாள் நிக்கும்னு சொல்ல முடியாதும்மா.”

“ஃப்ரிட்ஜ்ல பால் இருந்துச்சு” என்றாள் அக்கா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாளாம், பல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் ஸ்பிரிட்டில்தான் போட்டிருப்பேன் என்றாள் கூட வேலை செய்பவள். அதில் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. தெரியாமல் நின்றவர்கள் எல்லோரும் சும்மா நின்றார்கள். தெரியாமல் கையை வைத்தவள் அவள் ஒருத்திதான்.

அப்புறம் படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பாலைப் பற்றியே பேச்சு. பல்லுக்குப் பால் ஊற்றுவதா என்று சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் மறுபடி முதலிலிருந்து சொல்வாள்.

கட்டிய பல் கொஞ்ச காலம் நின்றது. பிறகு நிறம் மங்கியது. உள்ளே வேர் கரைந்துகொண்டு வந்தது. கடைசியில் எடுத்துவிட்டார்கள். கழற்றி மாட்டுகிற பல் ஒன்று வந்தது. தங்கச்சி ஒரு நாளும் அக்காவைக் குறை சொன்னதில்லை. ஆனால் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்கு முன்னால் போய்விடும். படியில் இப்போது செருப்புச் சத்தம் மட்டும்தான்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, அந்தப் பல்லைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாளாம். “இந்தா, இதை எவ்வளவு வேணும்னாலும் தேய். ஒண்ணும் ஆகாது.” கேலியாகத்தான் சொன்னாள். இந்தப் பேச்சை எடுத்து அக்காவைச் சிரிக்கவைக்க அவளுக்கு அத்தனை காலம் ஆகியிருந்தது.

அக்கா கையை நீட்டவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “நீயே கழுவிக்கோம்மா” என்றாள்.