எல்லா வியாதியும் உள்ள மனிதர்

விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே படம் வரையத் தொடங்கிய ஓவியருக்கு முதலில் கிடைத்தது ஒரு வாரப் பத்திரிகையின் மருத்துவப் பக்கம். கட்டுரை முதுகுவலியைப் பற்றியது. மறுநாளே படம் வேண்டும் என்றுவிட்டார் பத்திரிகை ஆசிரியர். கையைப் பிசைந்துகொண்டிருந்தவள் கண்ணில், கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடிக் குனிந்திருந்த கணவர் பட்டார்.

"என்னங்க, அப்படியே இருங்க."

"இருக்கேன். நிமிரத்தான் முடியல."

படம் பிரமாதமாக வந்துவிட்டது. அன்று தொட்டு அவருக்கு வாரம் ஒரு வியாதி. மூட்டுவலிக்குச் சுவரைப் பிடித்து நின்றார். தூக்கமின்மைக்குக் கூரையை வெறித்தார். உண்மையில் அப்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மட்டும் அவள் திறந்து வரைந்துகொண்டாள். அந்த அடர்ந்த புருவமும் தொங்கு மீசையும் எந்த நோய்க்கும் கச்சிதமாகப் பொருந்தின.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒருநாள் பவர் பார்க்க வந்த பெரியவர், தனக்குப் போட்ட நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "நீங்க உட்காருங்க சார். இத்தனை வியாதிய வெச்சுக்கிட்டு வேலைக்கு வேற வர்றீங்க." கடையே சிரித்தது.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இனிமே நான் ஆரோக்கியமா இருக்கப்போறேன்" என்றார். அடுத்த வாரத் தலைப்பு மலச்சிக்கல் என்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

கற்பனையில் ஓர் ஆளை வரைந்து அனுப்பினாள். "யாரும்மா இது? கஷ்டப்படுற மாதிரியே தெரியலையே" என்று ஆசிரியர் போனில் அலுத்துக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்டு, அடுத்த தெருவிலிருந்த நாத்தனார் தானாகவே முன்வந்தாள். பல்வலி மாதிரி கௌரவமான வியாதிக்கு மட்டும்தான் உட்காருவாளாம்; இரட்டைத் தாடை தெரியக்கூடாதாம். பல்வலியிலும் போட்டோவுக்கு நிற்பதுபோல் சிரித்தாள். ஆசிரியர் வேறு வழியில்லாமல், 'வலி போன பிறகு' என்று படத்துக்கு அடியில் போட்டுச் சமாளித்தார்.

இதற்கு நடுவே சிறுவர் புத்தகம் ஒன்றுக்குப் படம் போடும் வேலை வந்தது. சின்ன வீட்டுக்குக் குடிவரும் பெரிய கரடியின் கதை. கரடிக்கு யாரும் உட்கார வேண்டியதில்லை என்ற நிம்மதியில் மளமளவென்று வரைந்து தள்ளினாள். மேசையில் கிடந்த தாள்களைப் புரட்டிய நாத்தனார் ஒரு படத்தில் நின்றாள்.

"இது நம்ம தம்பிதானே? கோபம் வந்தா இப்படித்தான் மூலையில முதுகைக் காட்டிட்டு உட்காருவான்."

ஓவியருக்குத் தூக்கிவாரிப்போட்டது. புருவம், தோள், நடை, எல்லாம் அவரேதான். மாற்றிவிடலாமென்று அழித்துப் பார்த்தாள், கரடி உயிரில்லாத பொம்மையாகிவிட்டது. பழையபடியே அனுப்பிவிட்டு, வருவது வரட்டும் என்று இருந்தாள்.

அச்சாகி வந்த பார்சலை அவரே பிரித்தார். சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பக்கத்து வீட்டு எலி உட்கார இடம் வேண்டும் என்று கரடி மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளிழுக்கும் பக்கத்தை வெகுநேரம் புரட்டவேயில்லை.

"கரடிக்கு வியாதி எதுவும் இல்லையே?"

"இல்லைங்க. நல்லா சாப்பிடுது, நல்லா தூங்குது."

"அப்போ சரி" என்றார். சற்றுப் பொறுத்து, "தொந்தியக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

இப்போது இரண்டாவது புத்தகம் நடக்கிறது. அதில் கரடி சைக்கிள் பழகுகிறது. கடையில் கூட வேலை பார்ப்பவரிடம் சைக்கிளை இரவல் வாங்கி, விடுமுறைக் காலைகளில் வாசலில் விழுந்து எழுகிறார் கணவர். படியில் தாளோடு உட்கார்ந்திருக்கிறாள் அவள்.

"இன்னொரு தடவை விழுங்க. இடது கால் சரியா வரல."

"வெயில் இந்தப் பக்கம் வந்துருச்சு. இங்க விழுறேன், பாரு."