செம்பாக்கத்து ஷெட்டில் கட்டிய தாலி

பல்லவன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சவுரிமுத்துவிடம் லத்தீன் பூசை ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால், ஒரு வார்த்தைகூடப் புரியாததால்தான் என்பார். தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் நடுவே நாள் முழுக்கக் காதில் விழுவதெல்லாம் புரிகிற தமிழ்தான். சில்லறைச் சண்டை, ஸ்டாப்பிங் சண்டை, காலை மிதித்த சண்டை. வீட்டுக்கு வந்தால் மனைவி பேபியின் தமிழ் அதைவிட நன்றாகப் புரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது காதுக்கு விடுமுறை வேண்டாமா?

சின்ன வயதில் பல்லாவரத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு உதவி செய்தவர் அவர். சாமியார் லத்தீனில் ஒன்று சொல்ல, இவர் லத்தீனிலேயே பதில் சொல்வார். அர்த்தம் தெரியாது, ஆனால் ஓர் எழுத்து பிசகாது. பிறகு ரோமிலிருந்து உத்தரவு வந்து, பூசை தமிழுக்கு மாறியது. சாமியார் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். மைக் வந்தது, பின்னாலேயே கிடாரும் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டபோது சவுரிமுத்துவுக்கு மட்டும் முகம் சுருங்கிப் போயிற்று.

“சாமியாரு டிரைவர் மாதிரி முன்னாடி பாத்து நிக்கணும். நாம பின்னாடி குந்திகினு அவரு இட்டுகினு போற எடத்துக்குப் போவணும். இப்ப இன்னாடான்னா கண்டக்டர் மாதிரி நம்மளப் பாத்து நின்னுகினு எவன் வந்தான், எவன் வரலன்னு எண்றாரு” என்று டிப்போவில் சொல்லிச் சிரிக்க வைப்பார். சிரிப்புக்குப் பின்னால் நிஜமான ஏக்கம் இருந்தது. அந்தப் புரியாத மொழிக்கு முன்னால் மண்டியிட்டபோதுதான் கடவுள் பெரியவர், தான் சின்னவன் என்று அவருக்கு நிம்மதியாகத் தோன்றியது.

எண்பத்தேழில் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் பழைய முறைப் பூசை நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினார். வெளியூரிலிருந்து வந்து போகிற ஒரு சாமியார். மெழுகுவத்திகள், சாம்பிராணிப் புகை, பீடத்தைப் பார்த்து நின்ற முதுகு. முதல் வரியைச் சாமியார் சொன்னதும் பதில் வரி தானாகச் சவுரிமுத்துவின் வாயில் வந்துவிட்டது. மனிதர் அழுதுவிட்டார். அந்தச் சாமியாருக்கும் சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயருக்கும் ஆகாது, அங்கே போகாதீர்கள் என்று பங்குக் கோயிலில் எச்சரித்தார்கள். பெரிய இடத்துச் சண்டை நமக்கெதற்கு, பூசை பூசைதானே என்று இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மகள் அருள்மேரிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை துரைக்குக் குரோம்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. பங்குக் கோயிலிலேயே வைத்துவிடலாம் என்று பேபி கெஞ்சினாள். சவுரிமுத்து மசியவில்லை. பழைய முறையில் போடுகிற முடிச்சு அவிழாது என்பது அவர் கணக்கு. செம்பாக்கத்து ஷெட்டில் தாலி கட்டியாயிற்று.

முடிச்சு இறுகத்தான் செய்தது, அருள்மேரியின் கழுத்தில். துரை குடித்தான், குடித்தால் அடித்தான். உதடு கிழிந்து அவள் அப்பாவின் பீர்க்கன்கரணை வீட்டு வாசலில் வந்து நின்றபோது சவுரிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன பிரயோசனம்? “ஆண்டவர் சேத்து வச்சத மனுசன் பிரிக்கக் கூடாதும்மா” என்று சொல்லி, அதையே லத்தீனிலும் ஒரு முறை சொல்லி, கையோடு கூட்டிப்போய்க் குரோம்பேட்டைக்குப் பஸ் ஏற்றினார். அடுத்த முறை வந்தபோது அவள் வயிற்றில் இருந்தது கலைந்து போயிருந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்து, எழுந்து நடமாடும் வரை பார்த்துக்கொண்டு, அப்போதும் பஸ் ஏற்றினார். கல்நெஞ்சுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பஸ் கிளம்பியதும் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர்தான். ஆனால் பஸ் கிளம்பிவிட்டதே.

தொண்ணூற்று நாலில் பேபியின் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தையை ஏந்தி நிற்கிற ஞானத்தாய் அருள்மேரிதான் என்று வீட்டில் முடிவாயிற்று. சொல்லிவிட்டு வருவதற்காகச் சவுரிமுத்து பங்குச் சாமியாரிடம் போனார். புதிதாக வந்திருந்த, சின்ன வயதுச் சாமியார்.

“உங்க மகள் கல்யாணம் எந்தப் பங்குல நடந்தது?” என்று அவர் கேட்டார்.

“செம்பாக்கம் ஷெட்டுல, சாமி. பழைய முறையில.” சவுரிமுத்து பெருமையாகத்தான் சொன்னார்.

சாமியார் முகம் மாறியது. “அப்ப அவங்க ஞானத்தாயா நிக்க முடியாதுங்க. அது செல்லாத கல்யாணம்.”

“இன்னா சாமி சொல்றீங்க?”

“கல்யாணத்தைப் பங்குச் சாமியார் நடத்தணும், இல்ல அவர்கிட்ட அனுமதி வாங்கினவர் நடத்தணும். அந்தச் சாமியாருக்கு ஆயர் அந்த அதிகாரம் தரல. அவர் வச்ச பூசை பூசைதான், அதை நான் மறுக்கல. ஆனா கல்யாணம் செல்லாது. அவர்கிட்ட செஞ்ச பாவசங்கீர்த்தனமும் செல்லாது.”

சவுரிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் முழங்கால் தேயத் தேய அங்கே சொன்ன பாவமெல்லாம் மன்னிக்கப்படாமல் அப்படியே கிடக்கிறதா? அது கிடக்கட்டும். மகள்? கல்யாணமே ஆகாத பெண்ணையா ஒருவனோடு குடும்பம் நடத்த அனுப்பிக்கொண்டிருந்தோம்? அதுவும் அவள் வேண்டாம் வேண்டாம் என்று ஓடி வரும்போதெல்லாம், கையைப் பிடித்து? அவ்வளவு அழகான பூசை நடந்த இடத்தில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று அவரால் நம்பவே முடியவில்லை. நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டார்.

சாமியார் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். “இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சு போறீங்க? சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு சாட்சி இருந்தா போதும். மறுபடியும் சம்மதம் கேட்டுக் கல்யாணத்தை மந்திரிச்சிடறேன், அப்புறம் அது செல்லும். சின்ன வேலைதான்.”

சனிக்கிழமைக்குள் சவுரிமுத்து பாதி ஆளாகிவிட்டார். பஸ்ஸில் விசில் ஊத மறந்தார், ஏச்சு வாங்கினார். குரோம்பேட்டைக்குப் போய்த் துரையின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். “இன்னா பேஜாரு மாமா இது. கட்டுனவளையே திருப்பிக் கட்டணுமா” என்று அவன் சலித்துக்கொண்டான். ஆனாலும் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, குடிக்காமல் வந்து நின்றான். அருள்மேரியும் வந்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் எப்போதுமே பேசாத பெண்தானே என்று சவுரிமுத்து நினைத்துக்கொண்டார்.

கோயிலில் வேறு யாருமில்லை. பேபியும் சவுரிமுத்துவும்தான் சாட்சி. சாமியார் கேட்டார்: “அருள்மேரி, யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழு மனதோடு துரையை உன் கணவராக ஏற்றுக்கொள்ள வந்திருக்கிறாயா?”

“இல்ல சாமி.”

சரியாகக் காதில் வாங்கியிருக்க மாட்டாள் என்று சாமியார் இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

“எனக்கு இஷ்டமில்ல சாமி. அப்பா கூட்டினு வந்தாரு, வந்தேன்.”

பேபி நெஞ்சில் கை வைத்தபடி பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். துரை, “இன்னாடி சொன்ன” என்று பாய்ந்து வந்தான். சாமியார் குறுக்கே நின்றார். “அவங்க சம்மதம் இல்லாம நான் எதுவும் செய்ய முடியாதுங்க” என்றார். துரை மாமனாரைப் பார்த்தான். வழக்கமாகத் தனக்காகப் பேசுகிற வாய் அது. அது இன்று திறக்கவில்லை. அசிங்கமான வார்த்தை ஒன்றைக் கோயிலுக்குள்ளேயே சொல்லிவிட்டு அவன் வெளியே போய்விட்டான்.

சவுரிமுத்துவுக்கு வாயைத் திறக்கத்தான் ஆசை. ஆண்டவர் சேர்த்து வைத்ததை என்று ஆரம்பிக்கத்தான் நாக்கு எழுந்தது. ஆனால் ஆண்டவர் சேர்க்கவில்லை என்று சாமியாரே சொல்லியாயிற்று. அப்படியானால் இத்தனை வருஷம் சேர்த்து வைத்தது யார்? மகளிடம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

“ஏம்மா, மனசுல இத்தயா வச்சிகினு இருந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

அருள்மேரி அவரைப் புரியாமல் பார்த்தாள்.

“வந்தப்பல்லாம் அதத்தாம்பா சொன்னேன். நீதான் பஸ் ஏத்தி உட்ட.”