குழாய்க்காரர் வீட்டு வைஃபை

என் வீட்டுக்காரர் குழாய் வேலை பார்க்கிறவர். ஊரில் அவருக்கு 'இதோ வந்துட்டேன்' என்று பெயர். யார் வீட்டுக் குழாய் உடைந்து போன் வந்தாலும், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டே "இதோ வந்துட்டேன், தெருமுனைல நிக்கிறேன்" என்பார். பச்சைப் பொய். ஆனால் கை கழுவியதும் ஓடிவிடுவார், அதையும் சொல்லவேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எந்த வீட்டுக் குழாயையும் அவர் ஒழுகவிட்டதில்லை, எங்கள் சமையலறைக் குழாயைத் தவிர.

அவருக்கு உலகத்தில் எல்லாமே தண்ணீர் லைன்தான். யாராவது கோபப்பட்டால் "பிரஷர் ஏறிடுச்சு" என்பார். எனக்கு ஒருமுறை மூக்கடைத்து மூச்சு விட முடியாமல் போனபோது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், "லைன்ல அடைப்பு டாக்டர்" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அடைத்தது என் மூக்கு என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன்தான் எங்கள் வீட்டுக்கு வைஃபை போட்டார்.

போடவேண்டி வந்தது என் நாத்தனாருக்காக. இவருடைய ஒரே தங்கை. கணவர் தவறிப்போன பிறகு, இரண்டு வருடமாக எங்கள் பின்னறையில் இருக்கிறாள். இருக்கிறாள் என்று சொல்வதே அதிகம். அவள் கதவைத் திறந்தால் சத்தம் வராது, நடந்தால் சத்தம் வராது. சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் "நல்லா இருக்கு அண்ணி" என்பாள். "ஏம்மா, இது உன் அண்ணன் வீடு, கொஞ்சம் வாய் திறந்து பேசு" என்று நான் கத்துவேன். "பேசுறேன் அண்ணி" என்பாள், அதுவும் குசுகுசுவென்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவள்மேல் இல்லை, அவளை இப்படி ஆக்கிய விதியின்மேல்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாக வந்து சமையலறை வாசலில் நின்றாள். பார்சல் கம்பெனி ஒன்றுக்கு வருகிற போன்களை வீட்டிலிருந்தே எடுத்துப் பதில் சொல்கிற வேலையாம். யாருக்கும் தெரியாமல் எழுதிப்போட்டு, முதல் பரீட்சையில் தேறியும்விட்டாள். இனி லைன் பரீட்சை மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கம்பெனி மேடம் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுவார். வீட்டு நெட்டில்தான் பேசவேண்டும், போன் நெட் ஆகாது. நடுவில் ஒருமுறை அறுந்தாலும், பின்னால் கூச்சல் கேட்டாலும் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"இது கிடைச்சா, நானும் இந்த வீட்ல ஒரு ஆளுன்னு இருப்பேன் அண்ணி" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் மோடம் இருப்பது முன்னறையில். அங்கே உட்கார்ந்து பேசலாம் என்றால் தெருச்சத்தம் அத்தனையும் உள்ளே வரும். வீட்டில் அமைதியான இடம் பின்னறை ஒன்றுதான். ஆனால் நீளமான நடையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, இவர் இரும்புக் குழாய்களை அடுக்கிவைத்திருக்கும் அறையைத் தாண்டித்தான் பின்னறை. அவ்வளவு தூரம் போவதற்குள் சிக்னல் உயிரை விட்டுவிடும்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் மெஷ் வைஃபை என்று மூன்று வெள்ளைப் பெட்டிகளைக் கொடுத்தார். ஒன்றை மோடத்தோடு வயரில் இணைக்கவேண்டும். மற்ற இரண்டும் சிக்னலைக் கைமாற்றிக் கைமாற்றி வீட்டின் கடைசிவரை கொண்டுபோகும். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தானே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் வீட்டு லைனை இன்னொருத்தன் வந்து போடறதா? ஊருக்கே லைன் போட்டவன் நான்."

"அது தண்ணி லைனுங்க."

"லைன்னா லைன்தான். நீ போய் வேலையைப் பாரு."

முதல் பெட்டியை மோடத்தோடு இணைத்தார். அதுவரை சரி. அடுத்த நிமிடம் என் சமையலறையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்துவந்து பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பக்கத்து வீட்டுத் தையல்காரர் பக்கம் லீக் ஆகும். அடைக்கிறேன்."

இரண்டாவது பெட்டியைப் பரண்மேல் ஏற்றினார், பழைய இரும்பு வாளிகளுக்கு நடுவில். ஏன் என்று கேட்டால், தொட்டி உயரத்தில் இருந்தால்தானே பிரஷர் கிடைக்கும் என்றார். மூன்றாவதைப் பின்னறையின் கடைசி மூலையில், தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே ஒரு பொட்டு சிக்னல்கூட இல்லை என்று நான் சொன்னதற்கு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தண்ணி வராத இடத்துலதானே குழாய் வைக்கணும்? வர்ற இடத்துல எதுக்கு?"

எனக்கே ஒரு நிமிடம் நியாயமாகத்தான் பட்டது. அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

பின்னறைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை முழுக்க எரிந்தது. "புது லைன், காத்து அடைச்சிருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றார். வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கும் சிவப்புதான். என் நாத்தனார் தலைவாரி, நல்ல புடவை கட்டி, மடியில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "பரவாயில்ல அண்ணே, விடுங்க" என்றாள். அந்தப் 'பரவாயில்ல'தான் என்னைக் கிளப்பிவிட்டது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளோடு இனிப் பேசிப் பயனில்லை என்று குப்பைக்கூடையைக் கவிழ்த்து, அவர் கசக்கிப் போட்டிருந்த விளக்கத்தாளை எடுத்துப் படித்தேன்.

உலோகத்துக்குப் பக்கத்தில் வைக்காதே என்று முதல் வரியிலேயே இருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் வைக்காதே, பாதி வழியில் வை என்று அடுத்த வரியில் இருந்தது. இரண்டையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போனது. நேரே போய் அலுமினியத் தாளைக் கிழித்து எறிந்தார்.

பரணிலிருந்த பெட்டியை இறக்கிச் சமையலறை எக்ஸ்டென்ஷனில் சொருகி, வீட்டின் பாதி வழிக்கு எடுத்துவந்தோம். பாதி வழி என்பது குழாய் அறை வாசல். தரையில் வைத்தால் சிவப்பு. நாற்காலியில் வைத்தால் சிவப்பு. இவர் ஸ்டூலில் ஏறி, அடுக்கிய குழாய்களுக்கு மேலாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வெள்ளை, சிக்னல் வந்துவிட்டது! பின்னறைப் பெட்டியும் வெள்ளைக்கு மாறியது. மணி மூன்றாக ஒரு நிமிடம் இருந்தது. ஆணி அடிக்க நேரமில்லை, அடித்தால் சத்தம்.

"அப்படியே நில்லுங்க. அசைஞ்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றேன்.

நின்றார். பின்னறையில் மணி அடித்தது, கதவு சாத்திக்கொண்டது.

பத்து நிமிடத்தில் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தார். பதினைந்தில் மூக்கு அரிக்கிறது என்று ஜாடை காட்டினார், நான் நாற்காலியில் ஏறிச் சொறிந்துவிட்டேன். அந்த மூக்கு இல்லை, இந்தப் பக்கம் என்று கண்ணாலேயே வழிகாட்டினார். அப்போது பார்த்து அவர் சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்து வெளியே ஓடிப்போய்ப் பேசினேன். மாடிவீட்டு அம்மா.

"குழாய் கையோட வந்துடுச்சு, வீடு பூரா தண்ணி! எங்க அவரு? தெருமுனைலயா?"

"இல்லம்மா. ஸ்டூல் மேல நிக்கிறாரு."

"என்னது?"

திரும்ப ஓடிவந்து அவர் காதில் சொன்னேன். அவருக்கு உடம்பே ஒரு துள்ளு துள்ளியது. விளக்கு ஒரு கணம் மினுக்கியது, நான் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டேன். எங்கேயோ குழாய் உடைந்து தண்ணீர் போகிறது என்று கேட்டும் நகராமல் அவர் நின்றது அன்றுதான் முதல்முறை. முகத்தில் வியர்வை வழிய, 'மெயின் வால்வை மூடச் சொல்லு' என்று வாயை மட்டும் அசைத்தார். சொன்னேன். அந்த அம்மா மூடினார்களா, நீந்தினார்களா, எனக்குத் தெரியாது.

ஒருவழியாகப் பின்னறைக் கதவு திறந்தது. நாத்தனார் வந்து நின்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அறுந்துடுச்சா?" என்றார் இவர்.

"இல்லண்ணே. திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க."

"அப்ப இதை இறக்கலாமா?"

இறக்கினார், ஆனால் கை இறங்கவில்லை. தோள் பிடித்துக்கொண்டதால் சாயங்காலம்வரை சரணடைந்த திருடன்போல் கையைத் தூக்கிக்கொண்டே வீட்டுக்குள் நடமாடினார். மாடிவீட்டுக்கும் அப்படியேதான் போனார்.

சனிக்கிழமை தாமாகவே போய் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். குழாய் அறை வாசலுக்கு மேலே ப்ளக் பாயிண்ட் வைத்தாகிவிட்டது. குழாய் மாட்டுகிற கிளாம்பில் பெட்டியை இறுக்கிவைத்தது மட்டும் இவர். எலக்ட்ரீஷியன் மூச்சு விட்டதற்கெல்லாம் இவர் "எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எலக்ட்ரீஷியன் பொறுமைசாலி, சிரித்துக்கொண்டே வேலையை முடித்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. ஒன்பதே கால் இருக்கும். இவர் வழக்கம்போல நடையில் நின்று யாரிடமோ போனில் "வாஷர் போச்சு! வாஷர்! வாஷர்னு சொல்றேன்ல!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

பின்னறைக் கதவு படாரென்று திறந்தது. தலையில் ஹெட்போனோடு நாத்தனார்.

"அண்ணே! இங்க ஒருத்தி வேலை பார்த்துட்டு இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? கத்தறதா இருந்தா தெருவுல போய்க் கத்துங்க!"

கதவு மறுபடியும் படாரென்று சாத்திக்கொண்டது. சமையலறைப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

இவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். உள்ளேயிருந்து "சொல்லுங்க சார், உங்க பார்சல் நம்பர் என்ன?" என்று தெளிவாக, கணீரென்று ஒரு குரல் கேட்டது.

"என்னையா திட்டினா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களைத்தான்."

"சின்ன வயசுல இப்படித்தான் திட்டுவா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து தெருவுக்குப் போனார்.