ராஜமாணிக்கம் வாங்கிய இரண்டு டிஸ்க் பெட்டி

பாஞ்சாலையின் புருஷன் தனக்கோடியை இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போன வேனின் நம்பர் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால் ராஜமாணிக்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்புத்தான் முதலில் வரும். எனக்கும் வரும். அப்புறம் வயிறு எரியும்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அவருக்கு ஒரு சின்ன கம்பெனி. கரண்டு ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகளும், சீசனுக்குக் கொலு பொம்மைகளும் செய்கிறோம். நான் அங்கே கணக்கு எழுதுகிறேன், பில் போடுகிறேன், போன் எடுக்கிறேன், அவரைத் திட்டுகிறேன். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது. இங்கேயே செராமிக் டிப்ளமோ படித்து, அடுத்தவன் சூளையில் சூப்பர்வைசராக வெந்து, தன் கையால் ஷெட் போட்டு மேலே வந்த மனுஷன். கெட்டவர் இல்லை. கூலியை இழுத்தடிக்க மாட்டார், யாரையும் வாடா போடா என்று பேச மாட்டார். ஆனால் எதையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. டீத்தூள் வாங்கக்கூட நாலு பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, யோசித்துச் சொல்கிறேன் என்று அவ்வளவு காலம் இழுத்தாராம். அவர் மனைவி சிவசங்கரி அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

கேட்டில் கேமரா வைத்ததும், படத்தை எதில் சேர்த்து வைப்பது என்று ஆரம்பித்தார். எங்கள் மாதா கோயில் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சாவியோவைக் கூப்பிட்டார். “நெட்வொர்க்குல மாட்டுற பெட்டி ஒன்னு போட்டுக்குங்கண்ணே. கேமரா, பில்லு, டிசைனு எல்லாம் ஒரே எடத்துல கெடக்கும். ஆபீஸ்லேந்தும் பாக்கலாம், வூட்லேந்தும் பாக்கலாம்” என்றான் சாவியோ. அவ்வளவுதான், பிடித்தது சனி.

இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டியா, நாலு டிஸ்க் போடுகிறதா? வீட்டுக்குச் செய்ததா, ஆபீஸுக்குச் செய்ததா? எது சத்தம் குறைவு, எது கரண்டு குறைவாக இழுக்கும், எது நம்ம ஊர் மண்தூசியைத் தாங்கும்? பழைய கம்ப்யூட்டரையே பெட்டியாக மாற்றினால் என்ன? மாச வாடகைக்கு இன்டர்நெட்டில் இடம் பிடித்தால் என்ன? சாப்பிடும்போதும் போனில் அதே வீடியோதான் ஓடும். நான் ஒருநாள், “அண்ணே, இதுக்குள்ள நாமளே ஒரு பெட்டி செஞ்சு சுட்டு எடுத்திருக்கலாம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சூடு தாங்குமா என்று யோசித்தார்.

கடைசியில் இரண்டு டிஸ்க் பெட்டி வந்தது. ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதும். ஒன்று செத்தால் இன்னொன்று பிழைத்திருக்கும். செத்த இடத்தில் போட மூணாவதாக ஒரு புது டிஸ்க்கையும் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார். அவருக்கு அதில் ஒரே பெருமை. சாவியோ மட்டும் போகும்போது, “ரெண்டுல எழுதறதுனால அது காப்பி ஆயிடாதுண்ணே. முக்கியமானதை வெளிய தனியா ஒரு டிஸ்க்குல எடுத்து வெச்சுக்குங்க” என்றான். நியாயமான பேச்சு. நம் ஆளும் தலையாட்டினார். அந்த வெளி டிஸ்க்கில் எந்தக் கம்பெனி நல்லது என்று ஒப்பிட ஆரம்பித்தார். ஆயுத பூஜை வந்துவிட்டது, அவர் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பூஜைக்கு முந்தின நாள் காலை, தூறல். தனக்கோடி எங்கள் சூளையில் சரக்கு அடுக்குகிறவன், வேப்பூர் பக்கத்து ஆள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் திரும்பும்போது பின்னால் வந்த நீல வேன் அடித்துத் தூக்கியது. சத்தம் கேட்டு ஓடினோம். வேன் போய்விட்டது. அவன் கண் திறந்தபடி கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனது.

போலீஸ்காரர் வந்து கேமராவைக் கேட்டார். அண்ணன் போனில் காட்டினார். போனில் வருவது தெளிவில்லாத படம். வேன் தெரிந்தது, நீலம் தெரிந்தது, நம்பர் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு திட்டுத்தான். தெளிவான படம் பெட்டிக்குள் இருக்கிறது, அதைச் சாவியோதான் பிரித்து எடுக்க வேண்டும். அவனோ பாண்டிச்சேரியில் அக்கா வீட்டில் இருந்தான், விஜயதசமி அன்றைக்கு வருகிறேன் என்றான். போலீஸ்காரரும் பண்டிகை முடிந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினார்.

நான் விடவில்லை. “அண்ணே, பாஸ்வேர்டக் குடுங்க. இப்பவே ஒரு பென்டிரைவ்ல எடுத்துடலாம்” என்றேன்.

“நீ ஒன்னு கெடக்க ஒன்னு அமுக்கி அழிச்சுடுவ பிரின்சி. அதான் ரெண்டு டிஸ்க்குல இருக்குதே, எங்க போயிடும்?”

“ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதான அண்ணே இருக்குது?”

“எத்தனை பெட்டி பாத்து இதை எடுத்தேன் தெரியுமா?” என்றார். வாயில் நல்லா வந்தது, முழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் சாவு வீட்டுக்குப் போனோம். பாஞ்சாலை கூரையின் மூங்கிலைப் பிடித்தபடி நின்றாள். அழுது ஓய்ந்த முகம். அண்ணனைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“எவன்னு தெரியுமாங்க மொதலாளி? எனக்கு வேற ஒன்னும் வேணாங்க. எவன்னு தெரிஞ்சா போதும். போட்டுட்டுப் போனானே, அவன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

அத்தனை சனத்துக்கும் முன்னால் அண்ணன் கை கூப்பிச் சொன்னார். “நம்பரு எங்கிட்ட பத்திரமா இருக்குதும்மா. ரெண்டு எடத்துல இருக்குது. நான் பொறுப்பு.”

மறுநாள் ஆயுத பூஜை. சாவு நடந்த இடமாச்சே என்று ஆடம்பரம் இல்லாமல் செய்தார்கள். ஆனாலும் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடுவார்களா? அரைவை மில்லு, பம்ப்பு, தராசு, என் கால்குலேட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சிவசங்கரி அக்கா ஆபீஸுக்கு வந்தார்கள். பெட்டியின் முகத்தில் டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. நல்ல டிஸ்க் என்றால் வெள்ளையாக எரியும், கெட்டுப்போனால் சிவப்பு. பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் அக்காவுக்குக் கிடைக்குமா? இடது விளக்கின் மேல் சந்தனத்தைத் தடிமனாக அப்பினார்கள். வலது பக்கம் வருவதற்குள் விரலில் சந்தனம் தீர்ந்துபோய், குங்குமம் மட்டும் மெல்லிசாக ஈஷியது. பெட்டி மேல் ஒரு முழம் கதம்பம். சாம்பிராணிப் புகை அதன் ஃபேன் வழியாகச் சுழன்று போனது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. நானும் ஊருக்குப் போய்விட்டேன்.

விஜயதசமி காலையில் அண்ணன் ஆபீஸைத் திறந்தபோது பெட்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்ததாம். சாவியோவுக்குப் போன் போட்டிருக்கிறார். அவன் பஸ்ஸில். “ஒரு டிஸ்க்கு போயிருக்கும்ணே. நான் வந்து பாக்குறேன்” என்றிருக்கிறான். விட்டாரா மனுஷன்? புது டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தது இந்த நாளுக்குத்தானே! “சிவப்பு எரியறதை உருவிட்டுப் புதுசைப் போட்டுடுறேன்டா, வீடியோல பாத்திருக்கேன்” என்றாராம். “சரியாப் பாத்துச் செய்யுங்கண்ணே, வெள்ளையத் தொட்டுடாதீங்க” என்றானாம் அவன்.

அண்ணன் குனிந்து பார்த்தார். இடது பக்கம் காய்ந்த சந்தனக் கட்டி, ஒன்றுமே தெரியவில்லை. வலது பக்கம் பொட்டுக்குள்ளிருந்து சிவப்பாக மினுக்கியது. துடைத்துப் பார்க்கலாம் என்று வேட்டி நுனியை எடுத்தவரைச் சிவசங்கரி அக்கா தடுத்துவிட்டார்கள். “வெச்ச பொட்டை அழிக்காதீங்க. இப்பத்தான் வாசல்ல ஒருத்தி தாலி போயிருக்குது, எனக்குப் பயமா இருக்குது.” அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தப் பொம்பளைக்குத்தான் அன்றைக்குப் பயம் இருந்திருக்காது?

அண்ணன் வலது டிஸ்க்கை உருவினார். அந்த இடத்தில் புதுசைச் செருகினார். பெட்டி கத்துவதை நிறுத்திவிட்டு, உள்ளே கரகரவென்று எழுத ஆரம்பித்தது.

நான் மதியம் வந்தபோது மனுஷன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. “பாத்தியா பிரின்சி? இதுக்குத்தான் ரெண்டு டிஸ்க்கு” என்றார். நான் பெட்டியைக் கவனித்தேன். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில் டக்கு, டக்கு என்று ஒரு சத்தம், பல்லி கொட்டுவது போல. கொஞ்ச நேரத்தில் டக்கு மட்டும் மிஞ்சியது. அப்புறம் அதுவும் இல்லை. மேலே ஃபேன் சுற்றுகிற சத்தத்தைத் தவிர ஆபீஸில் ஒரு சத்தமும் இல்லை.

சாவியோ வந்தான், கம்ப்யூட்டரில் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். “எதை உருவினீங்கண்ணே?”

“செவப்பத்தான்டா. வலது பக்கம்.”

நான் எழுந்து போய்க் கட்டை விரலால் இரண்டு பொட்டையும் அழுத்தித் துடைத்தேன். பொட்டாவது மண்ணாவது! வலது பக்கம் குங்குமம் போனதும் உள்ளே வெள்ளை வெளிச்சம். இடது பக்கம் சந்தனம் உதிர்ந்ததும் சிவப்பு. கெட்டது இடதுதான். நல்ல டிஸ்க்கை எடுத்துவிட்டு, சாகக் கிடந்த டிஸ்க்கை நம்பிப் புதுசுக்கு எழுதச் சொல்லியிருக்கிறார். பாதி எழுதும் முன்பே அது போய்விட்டது.

சாவியோ மட்டும் பதறாமல் இருந்தான். “பரவால்லண்ணே. உருவினதுல எல்லாமே அப்படியே இருக்கும். அதைக் குடுங்க, எடுத்துடலாம்.”

அண்ணன் ஜன்னல் வழியாகச் சூளையைப் பார்த்தார்.

அட ஆண்டவரே! கெட்ட டிஸ்க்கைத் தூக்கிப் போட்டால் எவனாவது எடுத்து உள்ளே இருப்பதைப் படித்துவிடுவான், அதனால் அதை அழித்துவிட வேண்டும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். விஜயதசமிக்கு நல்ல நேரத்தில் சூளையைப் புதுசாகப் பற்ற வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். அடுத்த சீசனுக்குப் பொம்மை அடுக்கிய தட்டோடு உருவின டிஸ்க்கையும் வைத்துத் தள்ளிக் கதவை மூடிவிட்டார். காலையிலிருந்து எரிகிறது. நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் ஓடிப்போய்ச் சூளைக் கதவில் கை வைத்துவிட்டார். இரண்டு ஆட்கள் பிடித்து இழுத்தார்கள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

சூளை ஆறித் திறந்தபோது பொம்மைகள் எல்லாம் நன்றாகவே வெந்திருந்தன. நடுவில் ஒரு தட்டில் மட்டும் உருகி ஓடிய உலோகம் ஒட்டிக்கிடந்தது. சாவியோ அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் கேட்டுக்கொண்டு எழுதினார், அடையாளம் தெரியாத வாகனம் என்று. வேறு என்ன எழுதுவார்? பேட்டைக்கு வருகிற வேன்களில் பாதி நீலம். ஒவ்வொன்று உள்ளே நுழையும்போதும் அண்ணன் எழுந்து நின்று அதன் முன்பக்கத்தையே பார்ப்பார். எங்கள் சரக்கை ஏற்றிப் போகிற வண்டியாகவே அது இருந்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது? அந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

தனக்கோடியின் காரியம் முடிந்ததும் அண்ணனே போய்ப் பாஞ்சாலையிடம் எல்லாவற்றையும் சொன்னார், கட்டுப் போட்ட கையோடு. ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த மட்டும் மனுஷன்தான். அவள் முழுக்கக் கேட்டாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சரிங்க என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவளே கம்பெனிக்கு வந்தாள். நெற்றியில் திருநீறு. அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“மணவாளநல்லூர்லேந்துதான் வரேங்க மொதலாளி. கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வரேன்.”

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போலீஸ், கோர்ட்டு எல்லாம் கைவிட்டவர்கள் அந்தக் கோயிலுக்குப் போய், இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று சாமிக்கே பிராது எழுதிக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் சாமி விசாரிப்பார், எதிராளி தப்ப முடியாது என்பது நம்பிக்கை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி நான், எனக்கே அந்தப் பேச்சைக் கேட்டால் முதுகு சிலிர்க்கும்.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “நல்லதும்மா. அந்த வண்டிக்காரன் நல்லா இருக்க மாட்டான்.”

பாஞ்சாலை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எழுதிக் குடுக்கிறவரு யாரு மேலம்மான்னு கேட்டாருங்க. ஒரு வண்டி மேலன்னேன். நம்பரு என்னான்னாரு. தெரியாதுன்னேன். ஓட்டினவன் பேருன்னாரு. அதுவும் தெரியாதுன்னேன். பேரு இல்லாம எப்படிம்மா எழுதறது, உனக்குத் தெரிஞ்ச பேரு எதுவோ அதைச் சொல்லுன்னாருங்க.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“நான் வேணும்னு பண்ணலியேம்மா” என்றார் அண்ணன்.

“தெரியுங்க மொதலாளி. ஆனா எழுத வேற பேரு இல்லீங்களே.”