பெரிக்சா மாத்தா

வீரமுத்துவுக்குத் தூரப்பார்வை இல்லை. முப்பத்தாறு வயது வரைக்கும் அது அவருக்கே தெரியாது. பத்தடி தள்ளி நிற்கிற மரம் எல்லாருக்கும் பச்சைப் புகையாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மலாயாவில், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவருக்குப் பால்வெட்டு வேலை. உளியை எடுத்தால் முகத்தைப் பட்டையோடு ஒட்டினாற்போல் வைத்துத்தான் சீவுவார். அவர் நிரையில் காயம்பட்ட மரம் ஒன்றுகூட இருக்காது. புதிதாகச் சீவப் பழகுகிறவர்களுக்குக் கங்காணி பிச்சைமுத்து அந்த மரங்களைத்தான் காட்டுவார். மனிதர்களிடம் மட்டும் வீரமுத்துவுக்கு நல்ல பெயர் கிடையாது. எதிரே வருகிறவர் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க மாட்டார். "பெரிய தொரைன்னு நெனப்பு" என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். நடையையும் இருமலையும் குரலையும் வைத்துத்தான் அவர் ஆளைத் தெரிந்துகொள்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த அவசரகாலம் தொடங்கி அது மூன்றாவது வருஷம். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, மடியில் அரிசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு ஒரு பிடி சோறு போய்விடக் கூடாதாம்.

ஒரு நாள் மதியம், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீரமுத்து செம்மண் சாலையில் தனியாக வந்துகொண்டிருந்தார். வளைவில் நின்ற பட்டாளத்துக்காரன் ஒருவன் நிற்கச் சொல்லிக் கையைத் தூக்கினான். இவர் நடந்தார். அவன் மறுபடியும் தூக்கினான். இவர் நடந்துகொண்டே இருந்தார். அவன் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் அலறியடித்துக்கொண்டு ஓடிய வீரமுத்து, சுட்டவன் மேலேயே போய் முட்டி விழுந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் விசாரித்தார்கள். காட்டில் யாரைப் பார்த்தாய், எத்தனை பேரைப் பார்த்தாய் என்று கேட்டார்கள். "யாரையும் பாக்கலிங்க" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. மூன்றாம் நாள் அவரை வேறொரு அறைக்குக் கொண்டுபோனார்கள். சுவரோரமாக அதிகாரி ஒருவர் நிற்பதாகப் பட்டது. வீரமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, தனக்கு மனைவி, மகள் இருக்கிறார்கள் என்று அழுதபடி சொல்லத் தொடங்கினார். வேறு பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் சார்ஜன் உட்கார்ந்திருந்தார். வீரமுத்து கும்பிட்டது ஆணியில் மாட்டியிருந்த கோட்டையும் தொப்பியையும்.

சார்ஜனுக்குச் சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் மூன்று விரலை நீட்டி, "பெராப்பா?" என்று கேட்டார். எத்தனை?

மறுபடியும் ஆள் கணக்குத்தான் கேட்கிறார் என்று வீரமுத்து நினைத்தார். "தாடா ஓராங், துவான். ஒருத்தரும் இல்லிங்க."

சார்ஜன் எழுந்து பக்கத்தில் வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். "பேசோக் பெர்கி மலாக்கா. பெரிக்சா மாத்தா."

நாளைக்கு மலாக்கா போ என்பது வீரமுத்துவுக்குப் புரிந்தது. பெரிக்சா என்றால் விசாரணை. மாத்தா என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வது போலீசை. ஆக, இங்கே கேட்டது போதாதென்று பெரிய ஊர்ப் போலீசும் விசாரிக்கப்போகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் மனைவி காளியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து இரண்டு கைலியும் திருநீற்றுப் பொட்டலமும் வைத்து மூட்டை கட்டினாள். "தனியா விடமாட்டேன். புடிச்சு வெச்சா மூணு பேரையும் வெக்கட்டும்" என்றாள். பதினோரு வயது மகள் ஜெயமணியும் கிளம்பினாள்.

மலாக்காவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்டக்டரிடம் கடிதத்தைக் காட்டினார்கள்.

"பெரியாஸ்பத்திரி. நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க."

"போலீஸ் ஸ்டேஷன் இல்லியா?"

"ஆஸ்பத்திரின்னுதான் போட்டிருக்கு லா."

காளியம்மா அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அடிப்பதற்கு முன்னால் உடம்பு தாங்குமா என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மூன்று பேரையும் ஒரு நீள அறைக்குள் கூட்டிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார்கள். வீரமுத்துவை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை அட்டையால் மறைத்தார்கள். எதிர்ச் சுவரில் மட்டும் வெளிச்சம். டாக்டருக்கு உதவியாளரான தம்புசாமி என்ற டிரெசர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளைக்கார டாக்டர் ஏதோ சொல்ல, தம்புசாமி அதைத் தமிழில் கேட்டார்.

"இதோட காலு எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குன்னு கையால காட்டுங்க."

வீரமுத்துவுக்கு வியர்த்தது. "நான் யாரு காலையும் பாக்கலிங்க."

"கீழ் வரிசைய விடுங்க. மேல பெரிசா இருக்குதே, இது?"

"பெரியவங்க சின்னவங்க யாரையும் பாக்கலிங்க, துவான். எங்க ஸ்டேஷன்லயும் அதான் சொன்னேன்."

தம்புசாமி குச்சியை இறக்கினார். "அண்ணே, உங்கள எதுக்கு இங்க அனுப்பியிருக்காங்கன்னு நெனைக்கிறீங்க?"

"மாத்தா விசாரணைக்கு."

தம்புசாமி குச்சியைச் சுவரில் சாய்த்தார். பிறகு பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்தார். "மலாயில மாத்தான்னா கண்ணு. போலீசுக்கும் அதே பேருதான். அந்த சார்ஜன் உங்க கண்ணப் பாக்கச் சொல்லி அனுப்பியிருக்காரு. சுவத்துல இருக்கிறது மூணு கால் வெச்ச இங்கிலீஷ் எழுத்துண்ணே, ஆளு இல்ல."

காளியம்மா அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு சோதனை ஒழுங்காக நடந்தது. டாக்டர் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இடையில் அவர் பார்வை ஜெயமணி மேல் விழுந்தது. சுவரைப் பார்ப்பதற்கு அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவளையும் உட்கார வைத்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல போர்டுல எழுதினா தெரியுதாம்மா?" என்று தம்புசாமி கேட்டார்.

"வாத்தியாரு சொல்லிக்கிட்டே எழுதுவாரு. நான் கேட்டு எழுதிக்குவேன்."

அவளுக்கும் அப்பாவின் கண்தான். காளியம்மாவையும் விடவில்லை. கடைசி வரிசையின் கடைசி எழுத்து வரைக்கும் அவள் படபடவென்று கை காட்டினாள். எழுந்தவள் தம்புசாமியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இவருக்கு எம்புட்டு தூரம் தெரியும்?"

"ஒரு சாண் வரைக்கும் நல்லாத் தெரியும். அதுக்கு மேல எல்லாம் கலங்கல்தான்."

திரும்பும் பஸ்ஸில், ஜாசின் நெருங்கும்போது காளியம்மா கேட்டாள்: "அப்போ பதிமூணு வருஷமா வாசல்ல நின்னு உங்களப் பாத்துச் சிரிச்சேனே, அது?"

"சிரிச்சியா?" என்றார் வீரமுத்து.

ஒரு மாதம் கழித்து இரண்டு கண்ணாடியும் வந்தன. வழக்கு இல்லை என்று போலீசும் சொல்லிவிட்டது. ஆனால் வீரமுத்துவின் குழப்பம் அதற்குப் பிறகுதான் கூடியது. கண்ணாடியைப் போட்டால் தரை எழும்பி வந்தது. இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்தார். மரங்களில் இலைகள் தனித்தனியாக ஆடின. ஊரெல்லாம் முன்பின் தெரியாத முகங்களாக இருந்தது. எதிரே வந்தது யார் என்று, அந்த ஆள் பேசிய பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய குழப்பம், அந்த முகங்கள் அவரைக் கண்டதும் திரும்பிக்கொண்டன. எப்போதும் இப்படித்தானா, இல்லை இப்போதுதானா? அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

ஒரு காலை நிரையின் கடைசியில், மரத்தை ஒட்டி ஒரு ஆள் அசையாமல் நிற்பது தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதனை அவர் பார்த்ததே இல்லை. உளி கையிலிருந்து நழுவியது. காட்டிலிருந்து வந்தவனா? கூப்பிடுவதா, ஓடுவதா? அவனும் நகரவில்லை, இவரும் நகரவில்லை. கடைசியில் அந்த ஆள் நடக்கத் தொடங்கினான். இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் நடை.

"கங்காணியா? எதுக்கு ஒளிஞ்சு நிக்கிறீங்க?"

பிச்சைமுத்து பக்கத்தில் வந்தார். இத்தனை வருஷம் கேட்டிருந்த குரலுக்கு இவ்வளவு கவலை படிந்த முகம் இருக்கும் என்று வீரமுத்து எண்ணியதில்லை.

"ஒளியலப்பா. நீ பாத்தியா, பயந்துட்டேன். போலீசு உன்னப் புடிச்சாங்க, மூணு நாள்ல விட்டாங்க, கண்ணாடி போட்டு அனுப்பினாங்க. யாரு எங்க போறான்னு பாத்துச் சொல்றதுக்குத்தான் குடுத்திருக்காங்கன்னு லயமே பேசுது."

வீரமுத்து வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டார். "இது வேண்டாம். பழைய கலங்கலே போதும்." காளியம்மா அதை எடுத்துச் சேலையில் துடைத்தாள். மகளையும் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"எம்புருஷன் ஆள்காட்டின்னா, பதினோரு வயசுப் புள்ளையும் ஆள்காட்டியா? இந்தாங்க, போட்டுப் பாருங்க. எவளுக்கு எதிரி தெரியிறான்னு சொல்லுங்க."

ஒவ்வொருத்தியாகப் போட்டுப் பார்த்து, தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கழற்றினார்கள். மாரியம்மா மட்டும் கழற்றவில்லை. ஆறு பிள்ளை பெற்றவள், ரொட்டிப்பால் என்கிற ரப்பர் தகடுகளைக் காயவைக்கும் கொட்டகையில் வேலை செய்பவள். மேட்டில் இருந்த கோயிலைப் பார்த்தபடியே நின்றாள்.

"அக்கா, குடுங்க" என்றாள் காளியம்மா.

"இருடி. கோபுரத்துல பொம்மை இருக்குது." மாரியம்மா கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டாள். "இத்தன நாளா அதச் சும்மா மேடுபள்ளம்னுல்ல நெனச்சேன்."

அடுத்த மாதம் கண் டாக்டர் பார்க்கிற நாளில் தோட்டத்து லாரி ஒன்று மலாக்கா போனது. தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதிய பட்டியலில் குடும்பம் குடும்பமாகப் பத்தொன்பது பேர் இருந்தார்கள். முதல் பெயர் மாரியம்மா, இரண்டாவது கங்காணி. அத்தனை பேருக்கும் கண்ணில் குறை இருந்தது என்று சொல்ல முடியாது. சிலர் போலீஸ் கண்ணாடி என்பது பொய்தானா என்று நேரில் பார்க்கத்தான் போனார்கள்.

வீரமுத்து அதற்குப் பிறகும் பல வருஷம் பால் வெட்டினார். கண்ணாடி பழகிவிட்டது, முகங்கள்தான் கடைசி வரைக்கும் பழகவில்லை. யாராவது வந்து முன்னால் நின்றால் அவர் கண்களை மூடிக்கொள்வார். அந்த ஆள் இரண்டு வார்த்தை பேசிய பிறகு திறந்து பார்த்து, "ஓ, நீயா!" என்பார்.