படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த அறை

சிவப்பு அட்டை போட்ட அந்தப் பதிவேடு அலுவலக வாசலில் ஒரு முக்காலியின் மேல் கிடக்கும். வேலை நேரத்தில் வெளியே போகிற எழுத்தர்கள், தட்டச்சர்கள் எல்லோரும் பெயர், நேரம், போகுமிடம், காரணம் எழுதிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். அதிகாரிகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பெண்கள் நாங்கள் ஆறு பேர். காரணக் கட்டத்தில் தினமும் ‘சொந்த வேலை’ என்று பொய் எழுதினோம். உண்மை என்னவென்றால், ஆளை மிரட்டும் தூண்களும் பளிங்குத் தரையும் கொண்ட அந்தப் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிவறை இல்லை. பெண்கள் அங்கே வேலைக்கு வருவார்கள் என்று கட்டியவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. கட்டடம் இருந்த மேட்டிலிருந்து இறங்கி நூலகத்துக் கழிவறைக்குப் போய்வர இருபது நிமிடமாகும். அதற்குப் பயந்து மாலை வரை தண்ணீரே குடிக்கமாட்டோம்.

ஐம்பதுகளின் கடைசியில் கட்டடத்தைப் புதுப்பிக்கத் தீர்மானித்தார்கள். டெண்டர் தாள்களை அடிக்க வேண்டியவர்கள் நாங்கள் என்பதால் வரைபடமும் எங்களிடம் வந்தது. தூண்களுக்குப் பழைய வெள்ளை, பதிவாளர் அறைக்குக் குளிர்சாதனம், அதிகாரிகளுக்கு ஓடு பதித்த புதுக் கழிவறை. தலைமைத் தட்டச்சர் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், விரலை வைத்து அறை அறையாகத் தேடினார். எங்களுக்கு ஒன்றுமில்லை. நேரே போய்க் கேட்டார். பின்சுவரில் குழாய் ஓடினால் கட்டடத்தின் பழைய அழகு கெட்டுவிடும் என்று பதிவாளர் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே மழையில் நூலகச் சரிவில் வழுக்கி விழுந்தேன். எனக்கு அப்போது ஐந்து மாதம். நல்லவேளை, முழங்கை கிழிந்ததோடு போயிற்று. காயத்தைக் கட்டிவிட்ட அக்கா, சிவப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

“காரணம் என்ன எழுதினீர்?”

“பர்சனல்னு எழுதினேன்க்கா.”

“அதை வெட்டும். டாய்லெட் எண்டு எழுதும். நாங்கள் என்ன, களவே எடுத்தனாங்கள்?”

“ஐயோ, ஆம்பளைங்க படிப்பாங்க லா!”

“படிக்கட்டும். அதுக்குத்தானே எழுதிறது.”

மறுநாளிலிருந்து ஆறு பேரும் உண்மையை எழுதினோம். அக்கா மேசை நடுவில் ஒரு பெரிய கூஜாத் தண்ணீர் வைத்தார். தாகம் தீரக் குடித்தோம். முன்பு ஓட்டமும் நடையுமாகப் போன நாங்கள் இப்போது நிதானமாக நடந்தோம். முதலில் ஆண்கள் சிரித்தார்கள். டெண்டர் தாள்கள் மேசையில் குவியத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

தகுந்த காரணமின்றி இருக்கையை விட்டுப் போவதாகவும், மற்றவர்களைத் தூண்டிவிடுவதாகவும் அக்காமீது குற்றம் சாட்டி எச்சரிக்கைக் கடிதம் எழுதினார் பதிவாளர். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடிதம் மேலிடத்துக்குப் போகும்; ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த அக்காவின் வேலை போய்விடும். ஆனால் எந்தக் கடிதமானாலும் அடிப்பதற்கு எங்கள் பிரிவுக்குத்தானே வர வேண்டும்! அக்காவே அதை வாங்கி, இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, கார்பன் நகலோடு அடித்தார். அடியில் ஒரு வரி சேர்த்தார்: இணைப்பு, வெளிச்செல்வோர் பதிவேடு. கடிதத்தையும் சிவப்புப் பதிவேட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேலிடத்தார் அந்தப் பக்கங்களைப் புரட்டுவார்கள் என்று பதிவாளருக்குப் புரிந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடவில்லை. வரைபடம் திரும்பப் போனது. படிக்கட்டுக்குப் பின்னாலிருந்த பழைய காகித அறை எங்கள் கழிவறையாயிற்று. பின்சுவரில் குழாயும் ஓடியது. எனக்கு அந்தத் தூண்களைவிடக் குழாய்தான் அழகு.

இப்போது அதே கட்டடத்தை மறுபடியும் புதுப்பிக்கிறார்களாம். பழைய ஊழியர்களை அழைத்திருந்தார்கள். நான் இப்போது இருக்கும் குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து மகள் என்னைக் கூட்டிப்போனாள். அன்று சரிவில் என் வயிற்றிலிருந்தவள். சுற்றிக்காட்டிய இளம் அதிகாரி படிக்கட்டருகே நின்றார்.

“ஒரிஜினல் மாதிரியே கொண்டுவரப் போறோம், ஆன்ட்டி. இந்த டாய்லெட், பைப் எல்லாம் அப்புறம் சேர்த்தது. எடுத்துடுவோம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா போய்ப் பல வருடங்களாகின்றன. கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்களா? வாசலுக்குத் திரும்பினேன். வருகையாளர் புத்தகம் திறந்திருந்தது. அதில் காரணக் கட்டம் இல்லை. நானே கோடு போட்டேன். பெயர், நேரம், போகுமிடம் எழுதி, காரணம் ‘டாய்லெட்’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். மகள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கீழே தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.